முழு ஆரோக்கியமுள்ள நோயாளிகள் தேவை

ஊரே மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்த சமயம் அது. பெரிய ஆஸ்பத்திரியின் மதில்சுவரில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். ‘நோயாளிகள் தேவை. முழு ஆரோக்கியம் அவசியம். நேரில் வரவும்.’ அதே சுவரடியில் நிஜ நோயாளிகள் நிறையப் பேர் நேரில் வந்து நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன செய்வது, அவர்களுக்கு ஆரோக்கியம் போதவில்லை.

கண்டக்டர் அந்த விளம்பரத்தை இரண்டு தடவை படித்துவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். பஸ்கள் ஓடாமல் நின்று மாதங்களாகிவிட்டன. வாழ்நாள் முழுக்க ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டே வேலை பார்த்த மனுஷனுக்கு வீட்டில் உட்கார இருப்புக் கொள்ளவில்லை. சமையலறை வாசலில் மனைவி நின்றால்கூட, “உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க” என்று தன்னையறியாமல் சொல்லிவிடுவார்.

“போய்த்தான் பாருங்களேன்” என்றாள் மனைவி. “படுத்தே கெடக்கற வேலைன்னு சொல்றீங்க. அது உங்களுக்கு வராதா என்ன?”

விஷயம் இதுதான். கொள்ளைநோய் வந்ததும் பள்ளிக்கூடத்தை மூடினார்கள், கோர்ட்டை மூடினார்கள், கடைத்தெருவை மூடினார்கள். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை மட்டும் மூட முடியாது என்று தேர்வு ஆணையம் அடித்துச் சொல்லிவிட்டது. நாட்டில் டாக்டர் பற்றாக்குறையாம். அந்தத் தேர்வில் பெரிய பகுதி ‘படுக்கையோரத் தேர்வு’. மாணவன் ஒரு நோயாளியின் கட்டிலருகே போய், நாலு வார்த்தை விசாரித்து, தனக்குக் கருணை இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு வார்டு வேண்டும். ஆகவே ஆஸ்பத்திரியிலேயே பெரிய வார்டைக் காலிசெய்து, அங்கே படுத்திருந்த நோயாளிகளை எழுப்பி வெளியே அனுப்பி, தரையைக் கழுவி, நாற்பது கட்டில்களுக்கும் புது விரிப்பு போட்டார்கள். பிறகு நோயாளிகளுக்கு ஆள் தேடினார்கள்.

தேர்ந்தெடுக்கும் முறை ரொம்ப எளிது. மூக்கில் குச்சியை விட்டுப் பார்ப்பார்கள். கொள்ளைநோய் இல்லையென்றால் முழு ஆரோக்கியம். வேறு எந்த நோயைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை. மற்ற நோய்களையெல்லாம் அந்த வருஷம் தள்ளிவைத்திருந்தார்கள்.

கண்டக்டர் தேறிவிட்டார். பதினேழாம் கட்டில், பித்தப்பைக் கல்.

முதல் நாள் ஆணையர் வந்து பேசினார். அவரும் டாக்டர்தான். நோயாளியைக் கடைசியாக எப்போது தொட்டார் என்று அவருக்கே நினைவிருக்காது. நாற்பது பேரையும் கட்டிலில் உட்காரவைத்து, தான் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் ஒலிபெருக்கி முன்னால் நின்றுகொண்டார்.

“நண்பர்களே, நீங்க இனிமே சாதாரண ஆளுங்க இல்லை. தரப்படுத்தப்பட்ட நோயாளிகள். நிஜ நோயாளி இருக்கானே, அவனை நம்பவே முடியாது. இன்னிக்கு இருமுவான், நாளைக்கு இருமமாட்டான். திடீர்னு செத்துக்கூடப் போயிடுவான். பாதியில செத்துப்போறவனை வெச்சுக்கிட்டு எப்படி மார்க் போடறது, சொல்லுங்க? மருத்துவக் கல்விக்கு இத்தனை வருஷமா பெரிய தொந்தரவே நோயாளிதான். அந்தத் தொந்தரவுக்கு இன்னிக்கு முடிவு கட்டிட்டோம்.”

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டியபின் கைகளில் கிருமிநாசினி ஊற்றினார்கள்.

“இன்னொரு விஷயம். எந்தக் கட்டில்ல என்ன நோய்ங்கறது இந்தச் சுவரைத் தாண்டக் கூடாது. யாருக்கு என்ன ஆனாலும் தேர்வு நடக்கும். உயிர் போனாலும் நடக்கும். கேள்வி வெளிய போச்சுன்னா மட்டும்தான் நிக்கும். அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு.” சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது. உத்தமமான மனுஷன்.

தேர்வு தொடங்கியது. தினமும் காலையில் ஒத்திகை. நாற்பது பேரும் வரிசையாகத் தங்கள் நோயை உரக்க ஒப்பிக்க வேண்டும். பஸ் நிறுத்தங்களை வரிசை தப்பாமல் சொல்லியே பழகிய கண்டக்டருக்கு, இரண்டாம் நாளிலேயே எல்லாக் கட்டில்களும் மனப்பாடம். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஆக்சிஜன் ‘உஸ்’ என்று போய்க்கொண்டே இருந்தது. அது யாருக்கும் தேவைப்படவில்லை. வார்டில் அந்தச் சத்தம் இருந்தால்தான் பிள்ளைகளுக்குக் கருணை ஊறும் என்று நிபுணர் குழு சிபாரிசு செய்திருந்தது.

தேர்வுக்கு வரும் பிள்ளைகளுக்கும் நிபந்தனை உண்டு. இரண்டு வாரமாக எந்த நோயாளி பக்கத்திலும் போகவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். டாக்டராகப் போகிறவனுக்கு அதுதான் முதல் தகுதி. உள்ளே வந்தால் கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும். கயிற்றைத் தாண்டக் கூடாது, தொடக் கூடாது. தொட வேண்டிய இடத்தில் வாயால் சொல்ல வேண்டும்.

“ஐயா, இப்போது நான் உங்கள் வயிற்றின் வலதுபுறத்தைத் தொடுகிறேன்” என்பான் பையன், கயிற்றுக்கு அப்பால் கையைக் கட்டிக்கொண்டு.

“ஆ” என்பார் கண்டக்டர்.

“வலிக்கிறதா?”

“நீங்க அழுத்தினா வலிக்கும்.”

“இப்போது அழுத்துகிறேன்.”

“ஐயோ!”

ஆறுதல் சொல்வதற்கு ஒரு கருவி இருந்தது. நீளமான கம்பு. அதன் நுனியில் பஞ்சடைத்த ரப்பர் கையுறை. அதற்கு ஆறுதல் கோல் என்று பெயர். கயிற்றுக்கு வெளியே நின்றபடி அதை நீட்டி நோயாளியின் தோளில் தட்டிக்கொடுக்க வேண்டும். மூன்று தட்டுக்கு முழு மார்க். நாலாவது தட்டினால் வரம்புமீறல். ஊரில் கோல்பயிற்சி வகுப்புகள் முளைத்துவிட்டன. பெற்றோர் பிள்ளைகளை விடியற்காலையிலேயே எழுப்பி, சோபாவில் தலையணையை நிற்கவைத்துத் தட்டச் சொன்னார்களாம். ஒரு பையன் பதற்றத்தில் கண்டக்டரின் மூக்கிலேயே குத்திவிட்டான். அதற்கும் அரை மார்க் போட்டார்கள், முயற்சிக்காக.

வார்டுக்கு மேலே கண்ணாடி மாடம். ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் முக்கால்வாசிப் பேர் அங்கே உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டையில் ‘தேர்வாளர்’ என்று வில்லை குத்தியிருந்தது. வில்லை இருக்கும்வரை அவர்கள் யாருக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது, நோயாளியோடு பேசக் கூடாது. பாரபட்சம் வந்துவிடுமாம்.

பதினேழாம் கட்டிலருகே ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தால் வாசல் தெரியும். ஒரு பக்கம் துணிக்கூரை போட்டு, தேர்வெழுதும் பிள்ளைகளின் பெற்றோர் மின்விசிறியோடு உட்கார்ந்திருந்தார்கள். மறுபக்கம் வெயிலில் நோயாளிகள். காவலாளி ஒவ்வொருவரிடமும் ஒரே பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தான். “கட்டில் இல்லை. எல்லாம் ஃபுல்லு.” ஒரு நாள் ஒருத்தி, வளர்ந்த மகனை முதுகில் சுமந்துகொண்டு வந்து, அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, அப்படியே சுமந்துகொண்டு திரும்பிப் போனாள். பஸ் கொள்ளாத கூட்டத்திலும் இன்னும் ஒரு ஆளை ஏற்றிவிட்டுத்தான் விசில் கொடுத்து வாழ்ந்தவர் கண்டக்டர். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்லுக்குண்டு மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு புது விரிப்பில் மல்லாந்து கிடப்பது அவருக்கே அசிங்கமாக இருந்தது.

ஆனாலும் அது அடுத்தவர் கஷ்டம். மறுவாரம் சொந்தக் கஷ்டமாகவே வந்து சேர்ந்தது.

மனைவிக்குப் பல வருஷமாக இளைப்பு. ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டர் ஒருவர் அவளை மாதாமாதம் பார்த்து, மருந்தும் மூச்சிழுக்கும் குப்பியும் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். தேர்வு வந்ததும் அவர் பிரிவையும் பூட்டிவிட்டார்கள். குப்பி தீர்ந்தது, கடைகளிலும் கிடைக்கவில்லை. ஒரு காலையில் அவள் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து விட்டாள். பேச வரவில்லை. கண்டக்டர் தெருவுக்கு ஓடினார். ஒரு வண்டியைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

வாசலில் காவலாளி அவரைப் பார்த்துச் சல்யூட் அடித்தான். “நீங்க உள்ள போங்க சார். அம்மா போக முடியாது.”

“ஏம்ப்பா?”

“நீங்க நோயாளி. அவங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க.”

மனைவியை மரத்தடி நிழலில் உட்காரவைத்துவிட்டு, அவர் மேற்பார்வையாளரிடம் ஓடினார். வார்டு முழுக்க அந்த அம்மாவின் பொறுப்பில்தான் இருந்தது.

“மேடம், என் பொண்டாட்டிக்கு மூச்சு முட்டுது. ஒரே ஒரு கட்டில் குடுங்க.”

“கட்டில் எங்கே சார் இருக்கு? நாற்பதும் ஃபுல்லு.”

“யாரு மேடம் படுத்திருக்கறது?”

“நோயாளிங்க.”

“நாங்க நோயாளி இல்லையே மேடம்!”

மேற்பார்வையாளர் சட்டென்று நாலுபுறமும் பார்த்தார். “மெதுவாப் பேசுங்க. அது ரகசியம்.”

“சரி, என் கட்டிலையே அவளுக்குக் குடுத்துடுங்க.”

“பதினேழாம் கட்டிலுக்குப் பித்தப்பைக் கல். உங்க மனைவிக்குக் கல்லு இருக்கா?”

“இல்லை.”

“பாத்தீங்களா” என்றார் அந்த அம்மா, வருத்தமாக.

ஆணையரையே பார்த்துவிடுவது என்று கிளம்பினார் கண்டக்டர். ஆணையர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல்.

“உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. உங்க மனைவி ஒருத்தர். இங்க தேறப்போற டாக்டர்கள் நாளைக்கு ஆயிரக்கணக்கான பேரைக் காப்பாத்துவாங்க. ஒருத்தருக்காக ஆயிரம் பேரைக் கைவிட முடியுமா?”

“அந்த ஆயிரம் பேரு வரும்போதும் இங்க தேர்வு நடந்துக்கிட்டிருந்தா, சார்?”

ஆணையர் உண்மையாகவே யோசித்தார். “அப்ப அதுக்கடுத்த ஆயிரம் பேரைக் காப்பாத்துவோம்” என்றார்.

கண்டக்டர் எழுந்து வெளியே வந்துவிட்டார். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

நடையில் நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். இருபத்திமூன்றாம் கட்டில், மூச்சுத்திணறல். ஆள் முகம் தொங்கிப்போயிருந்தது. “வேலையை விட்டுத் தூக்கிட்டாங்கப்பா. எனக்கு நுரையீரல் ரொம்பப் பெரிசாம். எவ்வளவு முக்கினாலும் மூச்சுத்திணறவே மாட்டேங்குதுன்னு கம்ப்ளெயின்ட்டு.”

கண்டக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஒரே ஓட்டமாக மேற்பார்வையாளரிடம் ஓடினார். “மேடம், இருபத்திமூணுக்கு ஆள் இருக்கு. வாசல்லயே இருக்கு.”

மரத்தடிக்கு ஆள் போயிற்று. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். கொள்ளைநோய் இல்லை. முழு ஆரோக்கியம் என்று அத்தாட்சி கொடுத்தார்கள். பிறகு மேற்பார்வையாளர், “கொஞ்சம் மூச்சுத்திணறிக் காட்டுங்கம்மா” என்றார். அவள் காட்டினாள். காட்டாமல் இருக்கத்தான் அவளால் முடியவில்லை.

“அபாரம்!” என்றார் மேற்பார்வையாளர். “இந்த மாதிரி ஆளுங்க முன்னாடியே ஏன் வரலை?”

நோயாளியாக அனுமதி கிடைக்காதவளுக்கு நோயாளி வேலை கிடைத்துவிட்டது. அவளை இருபத்திமூன்றாம் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, ஆக்சிஜனை முகத்தில் மாட்டினார்கள், காட்சிக்காக. உச்சிப்பொழுதுக்குள் அவள் உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியது. சாயங்காலம் கண்டக்டரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டக்கூடச் செய்தாள். அவர் பித்தப்பைக் கல்லோடு படுத்தபடி சந்தோஷத்தில் அழுதார். அவரைச் சோதித்துக்கொண்டிருந்த பையனுக்கு அந்த அழுகைக்காக இரண்டு மார்க் கூடக் கிடைத்தது.

சந்தோஷம் எத்தனை நாளைக்கு? மறுநாள் மதியம் மேற்பார்வையாளர் இருபத்திமூன்றாம் கட்டில் முன்னால் வந்து நின்று உதட்டைப் பிதுக்கினார்.

“என்னம்மா இது? நேத்து எவ்வளவு நல்லாப் பண்ணினீங்க! இன்னிக்கு நடிப்பு இறங்கிடுச்சே.”

“இப்பத்தான் மேடம்... கொஞ்சம்... நல்லா இருக்கு” என்றாள் மனைவி.

“நல்லா இருந்தா எப்படிம்மா? காலையில வந்த பிள்ளைங்களுக்கெல்லாம் மூச்சுத்திணறல்னே தெரியலை. நாளைக்குக் கேஸ் போடுவாங்க.” அவர் கொஞ்ச நேரம் யோசித்து, தலைமாட்டைப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். “அட, இதுதான் கெடுக்குது!” என்று ஆக்சிஜனைத் திருகி மூடினார்.

கண்டக்டர் கட்டிலை விட்டுக் குதித்தார். “மேடம், மேடம்! அவளுக்கு நெஜமாவே இளைப்பு மேடம்! அது நடிப்பில்லை!”

“தெரியும் சார், அதுக்குத்தானே வேலையே குடுத்தோம். உங்க இடத்துக்குப் போங்க. பித்தப்பைக் கல்லுக்காரர் இப்படிக் குதிக்கக் கூடாது.”

“அந்தக் குழாயையாவது திறந்து விடுங்க!”

“சத்தம் வேணும்னா பக்கத்துக் கட்டில்லேருந்து வருது” என்றார் அந்த அம்மா. முப்பத்தொன்பது கட்டில்களில் ஆரோக்கியமான மனிதர்களின் காதருகே ஆக்சிஜன் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் இரண்டு தடவை போய்த் திருகைத் திறந்தார். இரண்டு தடவையும் மூடினார்கள். மூன்றாவது தடவை அவருடைய கட்டில் பக்கத்திலேயே ஒரு காவலாளியை நிறுத்திவிட்டார்கள்.

இருபத்திமூன்றாம் கட்டிலில் பழையபடி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மார்க்குகள் ஏறின. அதற்குப் பிறகு வந்த முதல் பையன், வகுப்பில் முதலாவதாக வருகிறவன், கயிற்றுக்கு வெளியே நிமிர்ந்து நின்று, “அம்மா, உங்கள் வேதனையை நான் முழுமையாக உணர்கிறேன்” என்று ஒப்பித்தான். கோலை நீட்டி மூன்று தட்டு தட்டினான். அவள் அந்தக் கையுறையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததை விடவில்லை. பையன் மெதுவாக உருவிக்கொண்டான். மாடத்தில் அவனுக்கு முழு மார்க்.

மாடத்து ஒலிபெருக்கியை யாரோ மூட மறந்திருந்தார்கள். நெஞ்சு டாக்டரின் குரல் கீழே கேட்டது. “இந்த அம்மாவை எனக்கு நல்லாத் தெரியும். என்கிட்ட வருஷக்கணக்கா வைத்தியம் பாக்கறவங்க. அந்த நோயை அனுபவிச்சவங்க, அதனாலதான் இவ்வளவு தத்ரூபமா நடிக்கறாங்க. இதையெல்லாம் சொல்லிக்குடுத்து வராது.”

கண்டக்டர் மாடத்தை நோக்கிக் கும்பிட்டார். “டாக்டர்! இறங்கி வாங்க டாக்டர்!” என்று கத்தினார். கண்ணாடி தடிமனானது. பித்தப்பைக் கல் இன்று அதிக ஈடுபாடு காட்டுகிறார் என்று யாரோ குறித்துக்கொண்டார்கள்.

அடுத்து ஒரு பெண் வந்தாள். இரவல் வெள்ளைக் கோட்டு, தோளில் நிற்காமல் வழிந்தது. வந்ததிலிருந்தே தடுமாற்றம். கயிற்றில் கால் இடறினாள். எழுந்து கட்டிலைப் பார்த்தவள், ஒப்பிக்க வேண்டியதை ஒப்பிக்கவில்லை. குனிந்து நோயாளியின் கழுத்துக் குழியைப் பார்த்தாள். மூச்சுக்கு மூச்சு அது உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. விரல் நகங்களைப் பார்த்தாள். கோல் கையிலிருந்து விழுந்தது. கயிற்றுக்கு அடியில் புகுந்து உள்ளே போய், நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“இவங்க நடிக்கலை!” என்று கத்தினாள். “என் தம்பிக்கு இப்படித்தான் வரும். நடிக்கறவங்களுக்கு நகம் நீலமாகாது! யாராவது வாங்க!”

மணி அலறியது. “தொட்டுட்டா! தொட்டுட்டா!” என்று மேற்பார்வையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு காவலாளிகள் ஓடிவந்து கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். அவர்களும் உள்ளே போகக் கூடாதே.

ஒலிபெருக்கியில் ஆணையர் வந்தார். “அமைதி, அமைதி. மாணவி செஞ்சது ஒழுங்கீனம். அவரோட தேர்வு முடிஞ்சுபோச்சு. நோயாளி நிஜமாகவே நோயாளின்னா அது அதைவிடப் பெரிய மோசடி. ஒரு நிஜ நோயாளி நேத்திலேருந்து தேர்வுக்குள்ள இருந்திருக்கார். அதை விசாரிக்க ஒரு குழு போடறோம். குழுவோட அறிக்கை வர்றவரைக்கும் அவரை நடிப்பவராகவே கருதணும். அடுத்த மாணவர் வரலாம்.”

மாடத்தில் நெஞ்சு டாக்டர் பாதி எழுந்தார். பக்கத்து நாற்காலிக்காரர் அவர் சட்டையிலிருந்த வில்லையைச் சுட்டிக்காட்டினார். உட்கார்ந்துவிட்டார். படித்த மனுஷன், வெட்கம் கெட்டவர்.

கண்டக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் கண் செருகிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஒருத்திதான் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே, “விடாதீங்கம்மா, இழுங்க, இழுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கெஞ்சியாயிற்று, கும்பிட்டாயிற்று, கத்தியாயிற்று. செத்தாலும் இவர்கள் தேர்வை நிறுத்த மாட்டார்கள். அதைத்தான் முதல் நாளே சொல்லிவிட்டார்களே. எதற்கு நிறுத்துவார்கள் என்பதையும் அன்றைக்கே சொல்லியிருந்தார்கள்.

அவர் காவலாளியைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்குப் பாய்ந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாதக்கணக்காகப் பூட்டிவைத்திருந்த தொண்டையைத் திறந்தார்.

“ஒண்ணாம் கட்டில் தொடை எலும்பு முறிவு! ரெண்டு மஞ்சள் காமாலை! மூணு சிறுநீரகக் கல்லு! நாலு ஒத்தைத் தலைவலி, வெளிச்சம் பட்டா கண்ணை மூடுவாரு, அதுக்கு மூணு மார்க்கு!”

துணிக்கூரைக்குக் கீழே பெற்றோர் ஒரு விநாடி திகைத்தார்கள். அப்புறம் அத்தனை பேர் கையிலும் போன் முளைத்தது. “உஷ்! உஷ்!” என்று ஒருவரையொருவர் அடக்கினார்கள்.

“அஞ்சு குடல்வால்! ஆறு சர்க்கரை, கால்ல புண்ணு இருக்குன்னு கேட்டாத்தான் சொல்லுவாரு!”

“சார், கொஞ்சம் நிதானமா!” என்று ஒரு தகப்பனார் கீழேயிருந்து கத்தினார். “நாலாவது என்ன? திருப்பிச் சொல்லுங்க!”

மேற்பார்வையாளர் அலறிக்கொண்டு ஓடிவந்து கண்டக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். கயிறு, தூரம், தொடக்கூடாது எல்லாம் அந்த அம்மாவுக்கு மறந்தேபோயிற்று. கண்டக்டர் கம்பியை விடவில்லை. இருபதைத் தாண்டும்போது மாடத்தில் விளக்குகள் சிவப்பாக மின்ன ஆரம்பித்தன. இருபத்திமூன்றுக்கு வந்ததும் அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். “இருபத்திமூணு மூச்சுத்திணறல்” என்றார். “அது நெஜம்.”

“கேள்வி வெளியே போச்சு! தேர்வு ரத்து! தேர்வு ரத்து!” ஆணையரின் குரல் ஒலிபெருக்கியில் விம்மியது. இத்தனை நாளில் அந்த மனுஷன் ஒரு உயிருக்காகப் பதறியதாக யாரும் பார்த்ததில்லை. இப்போது பதறினார்.

தேர்வு ரத்தானதும் தேர்வாளர்கள் தேர்வாளர்கள் இல்லை. நெஞ்சு டாக்டர் வில்லையைப் பிய்த்து எறிந்தார். எறிந்த கையோடு டாக்டராகிவிட்டார், படிகளை இரண்டிரண்டாகத் தாவி வந்தார். கயிற்றைக் காலால் தள்ளி, ஆக்சிஜனைத் திறந்து, ஊசி போட்டு, மருந்துப்புகை கொடுத்தார். “எனக்குத் தெரியலைங்க, எனக்குத் தெரியலை” என்று கண்டக்டரிடம் சொன்னார்.

“தெரிஞ்சுதான் மார்க் போட்டீங்க” என்றார் கண்டக்டர்.

தரப்படுத்தப்பட்ட நோயாளிகள் முப்பத்தெட்டு பேரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். வாசல் காவலாளி வழக்கம்போல, “கட்டில் எல்லாம் ஃபுல்லு” என்று சொல்ல வாயெடுத்து, வெளியே போகிற வரிசையைப் பார்த்து, உள்ளே எட்டிப்பார்த்து, “இருக்கு போலிருக்கே” என்றான். அவ்வளவுதான். அவன் விலகுவதற்குள் வெயிலில் கிடந்தவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஆணையர் நிருபர்களிடம் பேசினார். “இந்த நாட்டோட மருத்துவக் கல்வி வரலாற்றுல இது ஒரு கறுப்பு நாள். ஒரு ஆஸ்பத்திரிக்குள்ள நோயாளிகள் புகுந்துட்டாங்க” என்றார். குற்றவாளிகளைத் தப்பவிட மாட்டோம் என்றும் சொன்னார்.

தப்பவிடவில்லை. ஆணையம் ராத்திரியோடு ராத்திரியாகக் கூடித் தீர்மானம் போட்டது. கண்டக்டருக்கு ஆயுள்தடை. இனி சாகும்வரை அவர் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத முடியாது. மறுநாள் காலை மேற்பார்வையாளர் அதைக் கொண்டுவந்து வாசித்தபோது கண்டக்டருக்கு அத்தனை வருத்தத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

“அம்பது தாண்டியாச்சு மேடம். நான் டாக்டருக்குப் படிக்கறதா இல்லை.”

“இனிமே ஆசைப்பட்டாலும் முடியாது” என்றார் மேற்பார்வையாளர், கண்டிப்பாக. அடுத்த தாளை எடுத்தார். “அந்தப் பொண்ணு எங்கே?”

கண்டக்டரின் சிரிப்பு நின்றுபோயிற்று. அவருக்குப் போனதாவது இல்லாத படிப்பு. அந்தப் பெண் அதற்காக எத்தனை வருஷம் கண்விழித்திருப்பாளோ, என்னென்ன கனவு கண்டாளோ. தன் மனைவிக்காக ஒரு பிள்ளையின் வாழ்க்கை போய்விட்டதே. “மேடம், வேணாம் மேடம். அவ மேல தப்பில்லை. எல்லாம் நான் பண்ணினது. என் பேர்ல எழுதிக்குங்க” என்று பின்னாலேயே போனார்.

“அந்தப் பொண்ணு தொட்டுட்டாளே சார். எல்லாரும் பாத்தோமே.”

அந்தப் பெண் வீட்டுக்கே போயிருக்கவில்லை. போகச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. இரவல் கோட்டைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டு, ராத்திரி முழுக்க நர்ஸ்களுக்கு ஒத்தாசையாகக் கட்டில் கட்டிலாக ஓடிக்கொண்டிருந்தாள். இப்போது இருபத்திமூன்றாம் கட்டிலில், கண்டக்டர் மனைவியின் பக்கத்தில், விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கண் சுவர்க்கடிகாரத்தில் இருந்தது.

மேற்பார்வையாளர் இரண்டு கை தூரத்தில் நின்றுகொண்டார். தொண்டையைச் செருமினார். “தேர்வு விதிகளை மீறி ஒரு நோயாளியைத் தொட்ட குற்றத்துக்காக, மேற்படி மாணவி—”

“மேடம்” என்றாள் அந்தப் பெண், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒரு நிமிஷம் பேசாம இருங்க. எண்ணிக்கிட்டிருக்கேன்.”

மேற்பார்வையாளர் தாளைக் கையில் பிடித்தபடி நின்றார். நோயாளி மூச்சை இழுத்து விட்டாள். அந்தப் பெண் எண்ணி முடிக்கும்வரை அவர் அங்கேயே காத்துக்கொண்டு நின்றார்.